முகச் சிவப்பும் அதன் பரிகாரமும்

நோய்களுள் சில உடையினுள் மறைந்து கிடப்பவை. சில உள்ளுறுப்புகளில் ஒளிந்திருப்பவை. முகத்தில் தோன்றும் நோய்க்கோ அவ்வகை மறைவிடம் எதுவும் இல்லை. நோயாளி தம் வருத்தத்தை எவரிடமும் சொல்லாதிருந்தாலும், எதிரே வருபவர் அதனைக் கண்டுவிடுகின்றார். கண்டதோடு நில்லாமல் அதற்குத் தமக்குத் தோன்றிய காரணத்தையும் கற்பித்துக்கொள்கின்றார். ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்னும் பழமொழி நம்மிடையே வழங்குவது. பழமொழி நல்லதே, ஆயினும் மூக்கும் கன்னமும் சிவந்து தடித்த ஒருவரைப் பார்த்து, ‘இவர் மது அருந்துபவர் போலும்’ என்று முடிவு கட்டுவதற்கு அதனைத் துணைக்கொள்வது பெருந்தவறாகும். வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத பலர் இவ்வகைப் பழியைச் சுமந்து திரிகின்றனர். அவர்களுக்கு வந்திருப்பது ரோசேசியா என்னும் சரும நோய். அந்நோயின் இயல்பையும், அதனை அடக்கி ஆளும் வழிகளையும், அதன் பெயரால் நாம் நமக்கே செய்துகொள்ளும் ஒரு பெருந்தீங்கையும் இங்கு ஆராய்வோம்.

பெங்களூர் நகரில் அல்சூர் ஏரிக்கு அண்மையில், பழைய மதராஸ் சாலையை ஒட்டி அமைந்தது மர்பி டவுன். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அமைத்த கண்டோன்மென்டோடு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இங்கும் இதனைச் சுற்றியுள்ள பேட்டைகளிலும் வாழ்கின்றனர். இத்தகைய குடியிருப்புகளில் சமையல் வேலை செய்வோர், பேக்கரி அடுப்பின் முன் நிற்போர், இஸ்திரி போடுவோர், கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் செல்வோர், வண்டி ஓட்டுவோர் எனப் பலர் உளர். நெருப்பின் வெம்மையையோ வெயிலின் வெம்மையையோ முகத்தில் ஏற்று உழைப்பதே இவர்கள் வாழ்க்கை. இவர்களைப் போன்றவர்க்கு ரோசேசியா வந்தால், ‘வெப்பத்தை விலக்குக’ என்று ஒரு சொல்லில் அறிவுரை கூறிவிட்டு நாம் அகன்றுவிட முடியாது. அவர்களுடைய தொழிலோடும் வருவாயோடும் பொருந்துகின்ற வழிகளையே கூற வேண்டும்.

ரோசேசியா என்பது முகத்தின் நடுப்பகுதியை, அதாவது மூக்கு, கன்னங்கள், நெற்றியின் நடு, மோவாய் ஆகியவற்றைப் பற்றும் நெடுநாள் அழற்சி நோயாகும். பெரும்பாலும் 30 வயதைக் கடந்தவர்களிடமே இது தோன்றுகின்றது; பெண்களை மிகுதியாகத் தாக்குகின்றது. தொடக்கத்தில் முகம் அடிக்கடி குப்பென்று சூடேறிச் சிவக்கும். சிறிது நேரத்தில் தணியும். நாளடைவில் அச்சிவப்பு தணியாது நிலைத்துவிடும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிந்து, சிலந்தி வலையின் இழைகள் போலத் தோலின்மேல் தென்படும். சிலருக்குச் சிறு பருக்களும் சீழ்க்கொப்புளங்களும் எழும். மிகச் சிலருக்கு, சிறப்பாக ஆண்களுக்கு, மூக்கின் தோல் தடித்து மேடுபள்ளமாகும். வேறு சிலருக்குக் கண்ணிமைகளும் கண்களும் பாதிக்கப்படும். இவை யாவும் ஒருவரிடமே தோன்ற வேண்டும் என்பதில்லை.

இது புதிய நோயும் அன்று. இத்தாலிய ஓவியர் கிர்லாந்தாயோ ஏறத்தாழ 1490-ஆம் ஆண்டில் தீட்டிய ஓவியம் ஒன்று பாரிஸ் நகரின் லூவ்ர் காட்சிச்சாலையில் உள்ளது. முதியவர் ஒருவரின் மடியில் சாய்ந்து பேரன் அவர் முகத்தை அண்ணாந்து நோக்குவதாக அது அமைந்துள்ளது. முதியவரின் மூக்கு புடைத்துத் தடித்துக் கட்டிகளோடு காணப்படுகின்றது. இக்கால மருத்துவர்கள் அதனை ரோசேசியாவின் முற்றிய வடிவம் எனக் கருதுகின்றனர். ஓவியத்திலுள்ள சிறுவனோ அந்த மூக்கைக் கண்டு அருவருக்கவில்லை. அன்பு ததும்பப் பாட்டனாரைப் பார்க்கின்றான். பெரியவர்களாகிய நாமும் அச்சிறுவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

இந்நோய் வெண்ணிறத் தோலுடைய ஐரோப்பியர்க்கே உரியது என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. மருத்துவ நூல்களில் காட்டப்பட்ட படங்களும் அவர்களுடையவையே. ஆகவே மாநிறமும் கருநிறமும் உடைய நம்மவரிடம் இந்நோய் வந்தபோது அது கண்டறியப்படாமலே போயிற்று. வெண்ணிறத் தோலில் ரோஜாவைப் போலத் தெரியும் சிவப்பு, நம் தோலில் தாமிர நிறமாகவோ, கருமை கலந்த செம்மையாகவோ, சில வேளைகளில் வெறும் கருமையாகவோ தோன்றும். எனவே கண்ணால் காண்பதை மட்டும் நம்பாமல், நோயாளி உணர்வதையும் கேட்டறிதல் இன்றியமையாதது. முகத்தில் அடிக்கடி எரிச்சல் உண்டாகின்றதா? வெயிலில் சென்று வந்தபின் கன்னங்கள் வெகுநேரம் காந்துகின்றனவா? வழக்கமாகப் பயன்படுத்தும் சோப்பும் பவுடரும்கூடச் சுரீரென்று குத்துகின்றனவா? 30 வயதுக்கு மேல் புதிதாகப் பருக்கள் தோன்றியுள்ளனவா? இவ்வினாக்களுக்கு ஆம் என்பது விடையானால் ரோசேசியாவாக இருக்கலாமோ என ஆராய்தல் வேண்டும். மருத்துவர் சிறு கண்ணாடித் துண்டைத் தோலின்மேல் அழுத்திப் பார்ப்பதுண்டு. விரிந்த குழாய்களில் உள்ள ரத்தம் அவ்வழுத்தத்தால் விலகுவதால் நிறம் மாறும். மறைந்திருந்த சிவப்பு இவ்வாறு வெளிப்படும்.

இந்நோய் எதனால் வருகின்றது? ஒரே காரணத்தைச் சுட்டிக் கூறுதல் இயலாது. பிறப்பிலேயே அமைந்த உடற்கூறு ஒன்று உண்டு. அதனால் சில குடும்பங்களில் இது பலருக்கு வருகின்றது. நம் தோல், கிருமிகளை எதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்வதற்காகச் சில புரதப் பொருள்களைச் சுரக்கின்றது. அவற்றுள் கேதலிசிடின் என்பது ஒன்று. ரோசேசியா உடையவர்களின் தோலில் இப்பொருள் மிகுதியாகவும் இயல்புக்கு மாறான வடிவிலும் இருப்பதை 2007-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். காவலுக்கு நிறுத்திய வீரனே வீட்டாரை அடித்தாற்போல, காக்க வேண்டிய பொருளே அழற்சியை உண்டாக்குகின்றது. இதனோடு, நம் எல்லோருடைய முக மயிர்க்கால்களிலும் வாழும் டெமோடெக்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் இந்நோயாளிகளிடம் அளவுக்கு மேல் பெருகியிருப்பதும் அறியப்பட்டுள்ளது. ரத்தக் குழாய்களை இயக்கும் நரம்புகளும் எளிதில் தூண்டப்படுகின்றன. இவை மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து நோயை வளர்க்கின்றன.

இது தொற்றுநோய் அன்று என்பதை வற்புறுத்திக் கூறுகின்றோம். ஒரே தட்டில் உண்பதாலோ, ஒரே துண்டால் துடைப்பதாலோ, குழந்தையை முத்தமிடுவதாலோ இது பரவுவதில்லை. முகத்தைக் கழுவாத அழுக்கினால் வருவதும் இல்லை. உண்மையில், அழுக்கு என்று எண்ணி நாளொன்றுக்குப் பலமுறை சோப்புப் போட்டுத் தேய்ப்பவர்களுக்கே இது மிகுகின்றது.

நோயைக் கிளப்பிவிடும் தூண்டுதல்களை அடுத்துக் காண்போம். வெயில், அடுப்பின் அனல், மிகச் சூடான பானங்கள், காரம் மிகுந்த உணவு, மது, கடுங்குளிர்க் காற்று, மன உளைச்சல், கடுமையான உழைப்பு ஆகியவை பலரிடம் முகச் சிவப்பைத் தூண்டுகின்றன. ஆயினும் எல்லோர்க்கும் எல்லாமும் ஒவ்வாதவை அல்ல. ஒருவருக்கு மிளகு ரசம் ஒவ்வாமலிருக்க, மற்றொருவர் ஊறுகாயை வகைவகையாக உண்டும் ஒன்றும் நேராதிருக்கலாம். ஆகவே ஒரு சிறு குறிப்புப் புத்தகத்தில் முகம் சிவந்த நாளையும் நேரத்தையும், அதற்கு முன் உண்டது, பருகியது, செய்த வேலை ஆகியவற்றையும் எழுதி வருதல் நன்று. 3 அல்லது 4 வாரங்களில் தமக்கு ஒவ்வாதது எது என்பது விளங்கிவிடும். அதனை மட்டும் விலக்கினால் போதும். மற்றவற்றைக் காரணமின்றித் துறந்து வாயைக் கட்ட வேண்டுவதில்லை.

காப்பியைப் பற்றி ஒரு சொல் கூறாவிடில் பெங்களூர்வாசிகள் நம்மை மன்னியார். முகச் சிவப்புடையோர் காப்பியை விட்டொழிக்க வேண்டும் என்ற அறிவுரை நெடுநாள் வழங்கி வந்தது. அமெரிக்காவில் 80,000-க்கு மேற்பட்ட செவிலியரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2018-ஆம் ஆண்டில் வெளிவந்தது. காப்பி பருகுபவரிடம் ரோசேசியா குறைவாகவே தோன்றியது என அவ்வாய்வு காட்டியது. காப்பியை மருந்தாகக் கொள்க என்று இதற்குப் பொருள் இல்லை. சிவப்பைத் தூண்டுவது பெரும்பாலும் பானத்தின் கொதிநிலையே. டவராவில் ஊற்றி நன்றாக ஆற்றி, வெதுவெதுப்பாகப் பருகுவோர்க்கு அச்சமில்லை.

வெயிலைப் பற்றிப் பெங்களூரில் ஒரு மயக்கம் உண்டு. இவ்வூர் கடல் மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் உயர்ந்தது, காற்று குளிர்ந்தது. வேலூரிலிருந்தோ ஆர்க்காட்டிலிருந்தோ வருபவர்க்கு இவ்வெயில் ஒரு பொருட்டாகத் தோன்றாது. ஆனால் தோலைத் தாக்குவது நாம் உணரும் சூடு மட்டுமன்று. கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களுமாகும். நிலம் 1,000 மீட்டர் உயருந்தோறும் இக்கதிர்களின் வலிமை ஏறத்தாழ 10 விழுக்காடு மிகுகின்றது. குளிர்ந்த காற்று வீசுவதால் நாம் நிழலை நாடுவதில்லை. கதிர்களோ தம் வேலையைச் செய்துகொண்டேயிருக்கின்றன. ஆதலின் மார்கழிப் பகலிலும் குடையையோ அகன்ற விளிம்புடைய தொப்பியையோ கைவிடலாகாது. குடை ஒன்றே பல களிம்புகளின் வேலையைச் செய்யும், விலையும் குறைவு.

இனி, முகத்தில் சிவப்பாகத் தோன்றுவன எல்லாம் ரோசேசியா ஆகா என்பதையும் அறிதல் வேண்டும். இளவயதில் வரும் முகப்பருவில் கருமுளையும் வெண்முளையும் இருக்கும்; ரோசேசியாவில் அவை இரா. பொடுகோடு சேர்ந்து மூக்கின் ஓரத்திலும் புருவத்திலும் செதில் உதிர்வது வேறொரு நோய். லூபஸ் என்னும் நோயிலும் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போலக் கன்னங்கள் சிவக்கும். ஆனால் அதில் மூட்டுவலி, காய்ச்சல், வாய்ப்புண், முடி உதிர்தல் முதலியனவும் கூடி வரலாம். சிறுநீரகம் பாதிக்கப்படுவதும் உண்டு. முகத்தில் சிவந்த தடிப்பும், காது மடல் பருத்தலும், தோலில் உணர்ச்சிக் குறைவும் காணப்படுமாயின் தொழுநோய் உண்டா எனச் சோதித்தல் வேண்டும். அதற்கும் இன்று முழுமையாகக் குணமளிக்கும் மருந்து உண்டு. இவ்வேறுபாடுகளைத் தெருமுனை மருந்துக் கடையில் நின்று அறிய முடியாது. தோல் மருத்துவரே அறிந்து கூறத் தக்கவர்.

மருந்துக் கடை என்றதும், நாம் முன்னர்க் குறிப்பிட்ட பெருந்தீங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதாகின்றது. முகத்தில் பருவோ, மங்கோ, அரிப்போ தோன்றியவுடன் கடைக்குச் சென்று ‘ஏதாவது ஒரு க்ரீம் கொடுங்கள்’ என்று கேட்பது நம் வழக்கம். பக்கத்து வீட்டினர் பூசி வெளுத்ததாகச் சொன்ன களிம்பை நாமும் வாங்குவதுண்டு. இவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. 1952-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு தோல் அழற்சியைத் தணிப்பதைக் காட்டினர். அது மருத்துவ உலகில் ஒரு பெருங்கொடை. சொரியாசிஸ் முதலியவற்றில் மருத்துவரின் மேற்பார்வையில் இம்மருந்து இன்றும் பெரும்பயன் தருகின்றது. ஆனால் பின்னர் வந்த வலிமை மிக்க வகைகளை முகத்தில் பூசியபோது நேர்ந்த கேட்டை, இங்கிலாந்து மருத்துவர் ஸ்னெடன் 1969-ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டி எச்சரித்தார்.

அக்கேடு நேரும் முறை இதுவாகும். ஸ்டீராய்டு, ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றது, அழற்சியை அடக்குகின்றது. பூசிய 2 அல்லது 3 நாட்களில் முகம் வெளுத்து மென்மையாகத் தோன்றும். நோயாளி மகிழ்ந்து தொடர்ந்து பூசுவார். வாரங்கள் செல்லச் செல்லத் தோல் மெலிகின்றது, அதைத் தாங்கும் இழைகள் நலிகின்றன, நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. களிம்பை நிறுத்தினாலோ, சுருங்கியிருந்த குழாய்கள் முன்னினும் மிகுதியாக விரிந்து, முகம் தீப்பட்டாற்போலச் சிவந்து எரியும். பருக்கள் கொத்தாக எழும். பொறுக்க முடியாமல் நோயாளி மறுபடியும் அதே களிம்பைப் பூசுவார், எரிச்சல் தணியும். ‘இம்மருந்து இன்றேல் என் முகம் தாங்காது’ என்று எண்ணுவார். நோயை உண்டாக்கியதும் அதுவே, தற்காலிகமாகத் தணிப்பதும் அதுவே என்பதை அவர் அறியார். மருத்துவர்களான கிளிக்மனும் ஃபிராஷும் 1979-ஆம் ஆண்டில் இதனை ஸ்டீராய்டு அடிமைத்தனம் என்றே பெயரிட்டு எழுதினர்.

நம் நாட்டில் இதன் அளவு எத்தகையது? 12 மையங்களில் தோல் மருத்துவர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2011-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முக நோய்களோடு வந்த 2,926 பேரைப் பார்த்ததில், 433 பேர் ஸ்டீராய்டுக் களிம்பைப் பயன்படுத்தி வந்தனர். அவர்களுள் 126 பேர் அதனை முகம் வெளுப்பதற்கோ, பொதுவான முகப்பூச்சாகவோ, சவரத்திற்குப் பின் பூசுவதற்கோ கைக்கொண்டவர்கள். 257 பேர் மருத்துவர் அல்லாதவரின் சொல்லைக் கேட்டே தொடங்கியவர்கள். அந்த 433 பேரிடமும் ஏதேனும் ஒரு தீய விளைவு காணப்பட்டது. சிவப்பான முகம் வேண்டும் என்னும் ஆசை, கடைசியில் வேண்டாத சிவப்பைக் கொண்டுவந்து சேர்த்ததை என்னென்பது! மணப்பேச்சு நடக்கும் வீடுகளில் பெண்ணின் நிறத்தைக் குறைகூறுகின்ற ஒவ்வொரு சொல்லும் இக்களிம்புகளுக்கு விளம்பரமாக அமைகின்றது என்பதை வீட்டுப் பெரியோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தோல் மருத்துவர் சங்கத்தினர் பல்லாண்டு வற்புறுத்தியதன் பயனாக, 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இயற்றிய அளவில் வழக்கம் மாறிவிடுவதில்லை. வாங்குபவரும் விழிப்பாக இருத்தல் வேண்டும். குழாயின்மேல் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பார்க்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசோல், ஃபுளூசினோலோன் என்பன ஸ்டீராய்டுகள். ‘சோன்’, ‘சோல்’, ‘லோன்’ என முடியும் பெயரைக் கண்டால் ஐயுற்று மருத்துவரைக் கேட்க. ‘சோல்’ என முடிவன எல்லாம் ஸ்டீராய்டு அல்ல. எனினும் கேட்டுத் தெளிவதால் இழப்பில்லை. ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். பெயர் எதுவும் அச்சிடாத டப்பாக் களிம்பை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் முகத்தில் தொடலாகாது.

பல மாதம் பூசிவிட்டவர் என் செய்வது? அவர் களிம்பை விட்டே ஆக வேண்டும். ஆனால் தாமாக ஒரு நாள் தூக்கியெறிந்துவிட்டுத் தனியே துன்புறுவதைவிட, மருத்துவரின் துணையோடு விடுவதே அறிவுடைமை. சிலருக்கு வலிமை குறைந்த வகைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பர். சிலருக்கு உடனே நிறுத்தி, டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்பும் உட்கொள்ளும் மருந்தும் அளிப்பர். நிறுத்திய முதல் வாரங்களில் எரிச்சலும் சிவப்பும் பெருகும் என்பதை நோயாளியும் வீட்டாரும் முன்கூட்டியே அறிந்திருத்தல் மிகவும் அவசியம். அறியாதவர் மருத்துவரைக் குறைகூறிப் பழைய களிம்புக்கே திரும்புகின்றனர். அந்நாட்களில் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை முகத்தில் வைத்தால் ஆறுதல் கிட்டும். தோல் தேறுவதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். பெரும்பாலோர் தேறுகின்றனர்.

ரோசேசியா உடையவர் நாள்தோறும் கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் எளியவை. முகத்தைக் காலையும் மாலையும் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரால் கழுவினால் போதும். நுரை மிகுந்த காரமான சோப்பை விலக்கி, மென்மையான சுத்திகரிப்பானை விரல் நுனியால் பூசிக் கழுவுதல் நலம். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். பின்னர் மணம் சேராத ஈரப்பசைக் களிம்பைப் பூச வேண்டும். எலுமிச்சைச் சாறு, பற்பசை, படிகாரம், கரகரப்பான மாவு, ஆவி பிடித்தல், அழகு நிலையத்து ப்ளீச் முதலியவை ஏற்கெனவே புண்பட்ட தோலை மேலும் புண்படுத்தும். வெளியே செல்லுமுன் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த வெயில் காப்புக் களிம்பு நன்று. மற்ற வகைகள் எரிச்சலூட்டும் சிலருக்கு இவை ஒத்துக்கொள்கின்றன. புதிய களிம்பு எதனையும் முதலில் காதின் பின்புறத்திலோ கழுத்திலோ சில நாள் பூசிப் பார்த்தபின்னரே முகத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

அனலில் வேலை செய்வோர் அவ்வேலையை விட இயலாது. ஆயினும் அடுப்பைச் சாளரத்தின் அருகே மாற்றுதல், ஒரு மின்விசிறியைக் காற்று முகத்தில் படுமாறு அமைத்தல், பாத்திரத்தைத் திறக்கும்போது முகத்தைச் சற்றே விலக்கிக்கொள்ளுதல், மணிக்கொரு முறை சில நிமிடம் அகன்று நின்று குளிர்ந்த நீர் பருகிக் கழுத்தை ஈரத் துணியால் துடைத்தல் ஆகியவை இயலுவனவே. வேலை கொடுப்போர் இச்சிறு வசதிகளை மறுத்தல் நேர்மையாகாது.

மருந்துகளுக்கு வருவோம். பருக்களுக்கும் கொப்புளங்களுக்கும் மேலே பூசும் மருந்துகளில் 0.75 விழுக்காடு மெட்ரோனிடசோல், 15 விழுக்காடு அசெலிக் அமிலம், 1 விழுக்காடு ஐவர்மெக்டின் ஆகிய மூன்றும் நன்கு ஆராயப்பட்டவை. இவற்றுள் ஐவர்மெக்டின், டெமோடெக்ஸ் நுண்ணுயிரைக் குறைப்பதோடு அழற்சியையும் தணிக்கின்றது. எந்த மருந்தும் ஓரிரவில் பயன் தராது. 6 முதல் 8 வாரம் வரை பொறுத்திருந்தே பலனைக் கணிக்க வேண்டும். முழுப் பலன் தெரிய 3 மாதமும் ஆகலாம். விரைவில் வெளுப்பதாகச் சொல்லும் களிம்பின்மீது நமக்கு ஐயம் எழ வேண்டுவது இதனாலேயே.

நோய் சற்றுக் கடுமையாயின் மருத்துவர் டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை உட்கொள்ளத் தருவார். கிருமிகளைக் கொல்லும் அளவினும் குறைந்த 40 மில்லிகிராம் அளவிலேயே இது அழற்சியைத் தணிக்க வல்லது. இம்மருந்தை ஒரு குவளை நிறைய நீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்படும். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கலாகாது. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இது தரத் தக்கதன்று. இதற்கும் அடங்காத நோய்க்குக் குறைந்த அளவில் ஐசோட்ரெட்டினாயின் தருவதுண்டு. கருவிலுள்ள குழந்தைக்கு அது பெருங்கேடு விளைப்பதால், மகப்பேறு அடையக்கூடிய பெண்கள் மருத்துவரின் கண்டிப்பான மேற்பார்வையிலன்றி அதனை உட்கொள்ளவே கூடாது.

நிலைத்துவிட்ட சிவப்பைச் சில மணி நேரம் மறைப்பதற்கு பிரிமோனிடின் என்னும் களிம்பு உண்டு. அதுவும் குழாய்களைச் சுருக்குவதே. அதன் வேகம் தீர்ந்ததும் சிலருக்குச் சிவப்பு முன்னினும் மிகுகின்றது. வலைபோல் விரிந்த குழாய்களைக் களிம்புகளால் நீக்க முடியாது. லேசர் ஒளியால் நீக்கலாம். மாநிறத் தோலில் லேசரை அளவறியாது பயன்படுத்தினால் தீப்புண்ணும் கருந்தழும்பும் நேரும். ஆதலின் நம் நிறத்தவர்க்குச் சிகிச்சை செய்து பழகிய தோல் மருத்துவரிடமே செல்ல வேண்டும். அழகு நிலையத்தில் செய்துகொள்ளத் தக்கதன்று. தடித்த மூக்கை அறுவை முறையாலோ லேசராலோ செதுக்கி இயல்பான வடிவிற்குக் கொண்டுவர முடியும்.

கண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. இந்நோயாளிகள் பலருக்குக் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல், நீர் வடிதல், இமையோரச் சிவப்பு, அடிக்கடி கண்கட்டி ஆகியவை உண்டாகின்றன. தோலில் நோய் தெரியுமுன்னரே கண்ணில் தொடங்குவதும் உண்டு. இமைகளின்மேல் வெதுவெதுப்பான துணியை வைத்து, இமையோரத்தை மெல்லத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தால் பெரும்பாலும் தணியும். கண்ணில் வலி, வெளிச்சத்தைக் காணக் கூசுதல், பார்வை மங்கல் ஆகியவை தோன்றினால் அன்றே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருவிழி புண்பட்டால் பார்வையே கெடலாம். அங்கே தாமதம் பொறுக்கத் தக்கதன்று.

இச்சிகிச்சைக்கெல்லாம் பெரும்பொருள் வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். மர்பி டவுனில் உள்ளோர்க்குச் சிவாஜிநகரில் அரசாங்கத்தின் பௌரிங் அண்டு லேடி கர்சன் மருத்துவமனை எட்டும் தொலைவிலேயே உள்ளது. எந்த ஊராயினும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கும். அங்குச் செல்லும்போது, இதுவரை பூசிய களிம்புகளின் குழாய்களை, தீர்ந்து நசுங்கியவையாயினும், ஒரு பையில் போட்டுக் கொண்டுசெல்க. பெயர் நினைவில்லாத ‘சிவப்பு டப்பா’வைவிட அந்த நசுங்கிய குழாய் மருத்துவருக்கு ஆயிரம் செய்தி சொல்லும். நாம் கூறிய குறிப்புப் புத்தகத்தையும் உடன் கொண்டுசெல்க. பூசியதை மறைத்துச் சொல்லுதல் சிகிச்சையைத் தவறான வழியில் செலுத்திவிடும்.

ரோசேசியாவை அடியோடு அகற்றும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் நீரிழிவையும் ரத்த அழுத்தத்தையும் அடக்கி வைத்துக்கொண்டு மக்கள் நெடுங்காலம் நலமாக வாழ்வது போல, இதனையும் அடக்கி வைத்துக்கொண்டு வாழ முடியும். தூண்டுவதை அறிந்து விலக்குதல், வெயிலுக்குக் குடை, மென்மையான தோல் பராமரிப்பு, மருத்துவர் தந்த மருந்தைப் பொறுமையோடு பயன்படுத்துதல், கடைக்களிம்பைத் தொடாதிருத்தல் ஆகிய ஐந்தும் நோயாளியின் கடமை. நோயாளியின் முகத்தைப் பார்த்து அவர் ஒழுக்கத்தை அளக்காதிருத்தலும், ‘இதென்ன முகத்தில்?’ என்று பலர்முன் வினவாதிருத்தலும் மற்றவர் கடமை. வீட்டில் எவரேனும் நெடுநாளாக ஒரே களிம்பை முகத்தில் பூசி வருவாராயின், இன்று மாலையே அதன் குழாயை எடுத்து, அதில் அச்சிட்டுள்ள பெயரை ஒருமுறை படித்துப் பார்க்குமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.